ஜெங்ஜோவின் கலகம் நமக்கு 'வாய்ப்பு' அல்ல

2022 நவம்பரில் சீனாவின் ஜெங்ஜோ நகரில் பாக்ஸ்கான் ஆலைத் தொழிலாளர்கள் காவலர்களோடு மோதிய காட்சிகள் உலகம் முழுக்கப் பரவின. கொரோனா கட்டுப்பாடு என்று சொல்லி ஆலை வளாகத்துக்குள் அடைக்கப்பட்டவர்களில் பலர், அக்டோபர் இறுதியிலேயே வேலி ஏறிக் குதித்து ஊருக்கு நடந்துவிட்டார்கள். அவர்கள் இடத்துக்குப் புதிதாக ஆள் எடுத்தது நிர்வாகம். சொன்ன ஊக்கத்தொகை சொன்னபடி வராது என்று தெரிந்ததும் புதியவர்களும் வெகுண்டெழுந்தார்கள். உலகின் மிகப் பெரிய ஐபோன் ஆலை தடுமாறியது.

அப்போது நாம் என்ன பேசிக்கொண்டிருந்தோம்? 'சீனாவுக்கு நஷ்டம், தமிழ்நாட்டுக்கு லாபம்.' திராவிட மாடல் பெருமை பேசுபவர்களும் மேக் இன் இந்தியா பெருமை பேசுபவர்களும் ஒரே குரலில் பேசிய தருணம் அது. நம் தோழர்கள் சிலரும் அந்தச் செய்திகளைப் பூரிப்போடு பகிர்ந்தார்கள். யாருக்கு லாபம் என்று மட்டும் யாரும் கேட்கவில்லை.

ஐபோனை ஆப்பிள் தன் சொந்த ஆலையில் செய்வதில்லை. பாக்ஸ்கான் போன்ற ஒப்பந்த நிறுவனங்களிடம் வேலையைக் கொடுத்துச் செய்துவாங்குகிறது. எத்தனை வேண்டும், எந்தத் தேதிக்குள் வேண்டும், என்ன விலைக்கு வேண்டும் என்பதெல்லாம் கலிபோர்னியாவில் முடிவாகின்றன. சம்பளப் பட்டியலில் மட்டும் ஆப்பிளின் பெயர் இருக்காது. ஓரிடத்தில் தொழிலாளி எதிர்த்து நின்றால் ஆர்டரை வேறிடத்துக்கு நகர்த்தலாம் என்பதுதான் இந்த ஏற்பாட்டின் பலமே. அப்படி நகர்த்தும்போது முதலாளி நல்ல சாலையையும் துறைமுகத்தையும் மட்டும் தேடுவதில்லை. எதிர்த்துப் பேச முடியாத தொழிலாளியையும் சேர்த்தே தேடுகிறான்.

அந்தத் தொழிலாளியை அவனுக்கு உருவாக்கித் தருவது எது? தமிழ்நாட்டில் அதன் பெயர் சாதி.

பூந்தமல்லியில் அதிகாலையில் கம்பெனி பஸ் ஏறும் பெண்களைப் பாருங்கள். பெரும்பாலும் இருபதை ஒட்டிய வயது. பலர் வட மாவட்டங்களின் சேரிகளிலிருந்தும் நிலமற்ற குடும்பங்களிலிருந்தும் வந்தவர்கள். பெண் வெளியூருக்கு வேலைக்குப் போனால் 'யாரையாவது இழுத்துக்கொண்டு ஓடிவிடுவாள்' என்ற பயத்தில் வாழ்கிறது ஊர். அந்தப் பயம் சாதித் தூய்மை குறித்த பயம். அதற்குக் கம்பெனி ஒரு பதில் வைத்திருக்கிறது: ஹாஸ்டல், வார்டன், கேட், நேரக் கட்டுப்பாடு. ஊரில் சாதி செய்த காவலை இங்கே வார்டன் செய்கிறார். பெற்றோருக்கு அது பாதுகாப்பு. நிர்வாகத்துக்கோ சங்கம் நுழைய முடியாத சுவர். திருமணமானவர்களை ஸ்ரீபெரும்புதூர் ஐபோன் ஆலையில் வேலைக்கு எடுப்பதில்லை என்று 2024-ல் ராய்ட்டர்ஸ் வெளியிட்ட செய்தியை இதோடு சேர்த்துப் படியுங்கள். கல்யாணத்துக்கு முன்பான சில வருட உழைப்பைப் பிழிந்தெடுத்துவிட்டு ஊருக்குத் திருப்பி அனுப்பும் கணக்கு புரியும்.

அந்தச் சுவரும் ஒருமுறை உடைந்தது. 2021 டிசம்பரில், பூந்தமல்லிக்கு அருகே இருந்த ஹாஸ்டல் ஒன்றில் கெட்டுப்போன உணவு சாப்பிட்டு நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட பெண்கள் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். தோழிகள் என்ன ஆனார்கள் என்று கேட்டவர்களுக்கு உருப்படியான பதில் இல்லை. நள்ளிரவில் சென்னை-பெங்களூரு நெடுஞ்சாலையில் அமர்ந்தார்கள். போலீஸ் கைது செய்தது. ஆனால் ஆலை மூடப்பட்டது; ஜனவரி 12 வரை திறக்கவில்லை. ஹாஸ்டல் அறைகளும் உணவுக்கூடங்களும் தன் தரத்துக்கு ஏற்றவையாக இல்லை என்று ஆப்பிளே ஒப்புக்கொள்ள வேண்டிவந்தது. சங்கம் இல்லாத, சாதியாலும் பாலினத்தாலும் அடக்கிவைக்கப்பட்ட பெண்கள் சாதித்தது இது.

பத்து மாதம் கழித்து ஜெங்ஜோவில் வேலி ஏறியவர்கள் இவர்களின் உடன்பிறப்புகள். அதே நிறுவனம், அதே ஹாஸ்டல் முறை. நாம் அவர்களை 'வாய்ப்பு' என்று அழைத்தோம்.

அந்த வாய்ப்பின் விலை விரைவிலேயே தெரிந்தது. 2023 ஏப்ரல் 21 அன்று, நாளுக்கு 12 மணி நேரம் வேலைவாங்க வழிசெய்யும் சட்டத்திருத்தம் சட்டமன்றத்தில் நிறைவேறியது. முதலீட்டாளர்கள் நெகிழ்வான வேலை நேரத்தை எதிர்பார்க்கிறார்கள் என்றது அரசு. வாரத்துக்கு 48 மணி நேரம் என்பது மாறாது, தொழிலாளி விரும்பினால் மட்டுமே என்றும் சொன்னது. நாளைக்கு வேலை இருக்குமா என்று தெரியாத கான்ட்ராக்ட் தொழிலாளியின் 'விருப்பம்' எப்படிப்பட்டது என்று நமக்குத் தெரியாதா? விடுதலைச் சிறுத்தைகளும் இடதுசாரிகளும் வெளிநடப்பு செய்தார்கள். தொழிற்சங்கங்கள் கொதித்தன. மூன்றே நாளில் நிறுத்திவைக்கப்பட்ட திருத்தம், மே தினத்தில் திரும்பப் பெறப்பட்டது. 54 மணி நேர வாரத்தை 48 ஆகக் குறைக்கும் திருத்தத்தை 1946-ல் கொண்டுவந்தவர் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்த அண்ணல் அம்பேத்கர். சமூகநீதி பேசும் மண்ணில் அதை அசைத்துப் பார்க்கும் துணிச்சல் வந்ததற்குப் பின்னால், சீனாவிலிருந்து நகரும் ஆர்டரைப் பிடிக்கும் அவசரமும் இருந்தது.

அப்படியானால் 'உலகத் தொழிலாளர்களே ஒன்றுபடுங்கள்' என்று சொல்லி முடித்துவிடலாமா? முடியாது. 1921-ல் பி அண்ட் சி மில் வேலைநிறுத்தத்தின்போது ஆதிதிராவிடத் தொழிலாளர்கள் பலர் வேலைக்குப் போனார்கள். அவர்களைக் கருங்காலிகள் என்றது ஊர். புளியந்தோப்பில் அவர்களின் குடிசைகள் எரிந்தன. நீதிக்கட்சித் தலைமைகூட எரிந்த குடிசைகளின் பக்கம் நிற்கவில்லை. எம்.சி. ராஜா அக்கட்சியை விட்டு விலக அதுவும் ஒரு காரணம். வேலைநிறுத்தத்தை உடைத்தது யார்? வேலைக்குப் போனவர்களா, மில்லில் தோழர் என்றும் தெருவில் தீண்டத்தகாதவர் என்றும் அழைத்தவர்களா? சாதியைத் தொடாத ஒற்றுமை முதல் நெருக்கடியிலேயே உடையும். நூறாண்டு கழித்து அதே இடத்தில் முதலாளி நாடுகளை நிறுத்தியிருக்கிறான். அங்கே நிற்பவனுக்கு எதிராக இங்கே இருப்பவளை இறக்குகிறான்.

ஆனால் ஆர்டர் மட்டும்தான் நாடு விட்டு நாடு பயணிக்கும் என்றில்லை. 2024 ஜூலையில் தென்கொரியாவில் சாம்சங் தொழிலாளர்கள் அந்நிறுவன வரலாறு காணாத வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். செப்டம்பரில் சுங்குவார்சத்திரம் சாம்சங் ஆலைத் தொழிலாளர்கள் சங்கம் கேட்டு 37 நாட்கள் உட்கார்ந்தார்கள். பந்தல் பிரிக்கப்பட்டது, கைதுகள் நடந்தன, 'முதலீடு ஓடிவிடும்' என்று பயமுறுத்தினார்கள். 2025 ஜனவரியில் சங்கம் பதிவானது.

அடுத்த வேலை ஹாஸ்டல்களில் இருக்கிறது. வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கும் விடுதியை 2024 ஆகஸ்டில் முதல்வர் திறந்துவைத்தார். கட்டியது அரசின் சிப்காட். அங்கே பெண்கள் தங்களுக்குள் குழு அமைக்க, சங்கக்காரரைச் சந்திக்க, கேட்டைத் தாண்டி வெளியே போய்வர உரிமை உண்டா? அரசு பதில் சொல்லட்டும். தொழிற்சங்கங்களுக்கும் ஒரு கேள்வி: உங்கள் நிர்வாகிகள் பட்டியலில் அந்த பஸ்ஸில் ஏறும் சேரிப் பெண்கள் எத்தனை பேர்?

இதற்கு விடை வராதவரை, அடுத்த முறை வெளிநாட்டில் ஒரு ஆலை நின்றது என்ற செய்தி வரும்போது கை தட்டாதீர்கள். அங்கே ஏறிக் குதித்த வேலியைத்தான் அடுத்து இங்கே நடப்போகிறார்கள்.