தீவகத்துக்கு இணையம்: வானத்தைப் பார்த்திருந்தது போதும்

நெடுந்தீவுக்குச் செல்பவர்களுக்குக் காட்டப்படும் இடங்களுள் ஒல்லாந்தர் காலத்தது எனச் சொல்லப்படும் புறாக்கூடும் ஒன்று. தூது கொண்டு செல்லும் புறாக்களை அங்கு வளர்த்தார்கள் என்பது ஊர்வழக்கு. பெருக்கமரத்தையும் கட்டாக்காலிக் குதிரைகளையும் பார்க்கும் அவசரத்தில் பலரும் அதனை ஐந்து நிமிடத்தில் கடந்து விடுவார்கள். செய்தியோடு காலம் கழித்த எனக்கு அத்தீவில் மிகவும் பிடித்த கட்டடம் அதுதான். கடல் கடந்து செய்தி அனுப்ப வழி வேண்டும் என்று அக்காலத்து ஆட்சியாளரும் சிந்தித்திருக்கின்றனர். ஆனால் அந்தப் புறாக்கள் சுமந்தது கோட்டையின் செய்தியை. ஊராரின் செய்தியைச் சுமப்பதற்கு யாரும் புறா வளர்க்கவில்லை.

இன்றைய நிலையும் ஏறக்குறைய அதுவே என்பது என் கருத்து.

நான் வசிக்கும் வத்தளையில் ஓர் ஒழுங்கைக்குள் இரண்டு மூன்று நிறுவனங்களின் கம்பிகள் பின்னிப் பிணைந்து தொங்குகின்றன. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் அடுக்குமாடி வீடு வாங்குவோர் முதலில் கேட்பது தண்ணீரைப் பற்றி, அடுத்துக் கேட்பது ஒளியிழை இணைப்பைப் பற்றி. அந்த வீடுகளில் வாழ்பவர்களில் கணிசமானோர் புங்குடுதீவார், நயினாதீவார், அனலைதீவார், நெடுந்தீவார். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் ரொறன்ரோவிலும் சூரிச்சிலும் இருந்து காணொளியில் முகம் காட்டுகின்றனர். ஊரில் தனித்திருக்கும் பெரியம்மாவுக்கு மாத்திரம் அந்த முகம் பாதியில் உறைந்து நின்று விடுகிறது.

தீவகத்தை அறியாத வாசகர்களுக்காகச் சிறிது விளக்கம். வேலணையையும் புங்குடுதீவையும் தாம்போதிகள் யாழ்ப்பாணத்துடன் இணைக்கின்றன. காரைநகருக்கும் தரைவழி உண்டு. நயினாதீவு, அனலைதீவு, எழுவைதீவு, நெடுந்தீவு ஆகியவற்றுக்குப் படகே கதி. புங்குடுதீவின் எல்லையிலுள்ள குறிகாட்டுவான் இறங்குதுறையிலிருந்து நெடுந்தீவுக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரப் பயணம். கடல் கொந்தளித்தால் அதுவும் இல்லை. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி அங்கு நாலாயிரம் பேரளவில் வாழ்ந்தனர். போருக்கு முந்திய தொகையோடு ஒப்பிட்டால் இது மிகக் குறைவு. எஞ்சியிருப்போரும் பிள்ளை சாதாரண தரப் பரீட்சையை நெருங்கும்போது யாழ்ப்பாணத்தில் வாடகைக்கு அறை தேடுகின்றனர். கணித, விஞ்ஞான ஆசிரியர்கள் தீவுக்கு இடமாற்றம் கிடைத்தாலும் நிலைத்திருப்பதில்லை. நோயாளியின் நிலை மோசமானால் கடற்படைப் படகுக்கு அறிவிக்க வேண்டும்.

2020, 2021ஆம் ஆண்டுகளில் பெருந்தொற்றினால் பாடசாலைகள் மூடப்பட்டபோது பதுளை மாவட்டத்துப் பொகிட்டியாவ கிராமத்துப் பிள்ளைகள் காட்டுக்குள் பாறை உச்சிக்கு ஏறி அலைபிடித்துப் பாடம் படித்ததை உலகப் பத்திரிகைகள் எழுதின. தீவுகளில் ஏறுவதற்குப் பாறையும் இல்லை. பனையில்தான் ஏற வேண்டும்.

தீவுகளை மறந்து விட்டார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. மறக்கவில்லை, அடிக்கடி நினைத்துக் கொள்கிறார்கள். 2004, 2005ஆம் ஆண்டளவில் உலக வங்கியின் உதவியோடு இ-ஸ்ரீலங்கா திட்டத்தின் கீழ் 'அறிவகம்' என்ற பெயரில் கிராமந்தோறும் கணினி நிலையங்கள் திறக்கப்பட்டன. ஆயிரம் நிலையங்கள் என்பது இலக்கு. நான் சென்று பார்த்த சிலவற்றில் திறப்பு விழாக் கல்வெட்டு மட்டும் பளபளப்பாக இருந்தது. 2015இல் கூகிள் நிறுவனத்தின் லூன் பலூன்கள் இலங்கைத் தீவு முழுவதற்கும் வானிலிருந்து இணையம் பொழியும் என்று அரசு ஒப்பந்தம் செய்தது. 2016 பெப்ரவரியில் பரீட்சார்த்தப் பலூன் ஒன்று வந்து, கம்பளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் இறங்கியது. திட்டம் அதற்கு மேல் நகரவில்லை. 2021இல் லூன் நிறுவனமே மூடப்பட்டது. இப்போது ஸ்டார்லிங்க். 2024 ஓகஸ்டில் உரிமம் பெற்று, 2025 ஜூலையில் சேவை தொடங்கியது. அது வேலை செய்கிறது என்பதில் ஐயமில்லை. ஆனால் கருவிக்கு ஒரு இலட்சம் ரூபாவுக்கு மேலும் மாதந்தோறும் பத்தாயிரத்துக்கு மேலும் கொடுக்கும் விலையில் அது நாட்டுக்கு வந்தது. அந்தப் பணத்தைச் செலுத்தக்கூடியவர் தீவில் இருப்பது அரிது.

மின்சாரக் கதை இன்னும் சுவையானது. 2021 ஜனவரியில் நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றிலும் சூரிய, காற்று மின்நிலையங்கள் அமைக்கும் வேலை சீனக் கூட்டு நிறுவனம் ஒன்றுக்கு வழங்கப்பட்டது. பணம் ஆசிய அபிவிருத்தி வங்கியினுடையது. இராமேஸ்வரத்துக்கு அண்மையில் சீனர் கால் வைப்பதா என்று புதுடில்லி ஆட்சேபித்தது. அவ்வாண்டு டிசெம்பரில் 'மூன்றாம் தரப்பின் பாதுகாப்புக் கவலை' காரணமாகத் திட்டம் இடைநிறுத்தப்பட்டதாகச் சீனத் தூதரகம் அறிவித்தது. 2022 மார்ச்சில் இந்தியாவுடன் புரிந்துணர்வு உடன்படிக்கை. 2024 மார்ச்சில் 11 மில்லியன் டொலர் இந்திய நன்கொடையில் புதிய ஒப்பந்தம். இந்த மூன்றாண்டு இழுபறியைப் பற்றிக் கொழும்பிலும் டில்லியிலும் பீஜிங்கிலும் பக்கம் பக்கமாக எழுதினார்கள். இரவில் டீசல் இயந்திரத்தின் இரைச்சலோடு தூங்குகின்ற தீவார் என்ன நினைக்கின்றனர் என்பதற்கு அந்தப் பக்கங்களில் எத்தனை வரி கிடைத்தது?

பலூனாயினும் நன்கொடையாயினும் வருவது மேலேயிருந்து. வந்தது போலவே போகவும் செய்யும். அதனைப் பிடித்து வைத்திருக்க ஊரின் கையில் எதுவும் இல்லை. தீவகத்துக்கு இல்லாதது தொழில்நுட்பமன்று, பணமும் அன்று. இணைப்புக்குச் சொந்தக்காரராகத் தீவாரே இருக்கலாம் என்ற எண்ணம்தான் அரசுக்கும் இல்லை, நிறுவனங்களுக்கும் இல்லை, வருத்தத்தோடு சொல்கிறேன், நம்மவருக்கும் இல்லை.

இருக்கலாமா என்று கேட்பவர்கள் ஸ்கொத்லாந்தின் மேற்குக் கரையைப் பார்க்கட்டும். எய்க் என்ற தீவில் நூறு பேரளவில்தான் வாழ்கின்றனர். 1997இல் அவர்கள் பணம் திரட்டித் தம் தீவையே நிலவுடைமையாளரிடமிருந்து வாங்கினர். 2008இல் நீர், காற்று, சூரியன் மூன்றிலிருந்தும் தமக்குத் தாமே மின்சாரம் எடுத்தனர். தொலைபேசி நிறுவனங்கள் அகலப்பட்டை இணைப்புத் தர முன்வராதபோது, எய்க், ரம், மக், கன்னா தீவுகளும் எதிரிலுள்ள நோய்டார்ட் குடாநாடும் சேர்ந்து 'ஹெப்நெட்' என்ற சமூக நிறுவனத்தை உருவாக்கிக் கடலுக்கு மேலாக வானலை இணைப்புகளை அமைத்தன. அதே கரையில் எடின்பரோ பல்கலைக்கழகத்தின் பீற்றர் பியூனமன் முதலிய ஆய்வாளர்கள் 'டெகோலா' என்ற திட்டத்தை ஊராருடன் சேர்ந்து நடத்தினர். மலைமுகட்டில் காற்றாடியும் சூரியத் தகடும் பொருத்திய சிறு கம்பங்களை ஊராரே தூக்கிச் சென்று நட்டார்கள்.

அங்கு அவர்கள் எதிர்கொண்ட ஒரு சிக்கல் நம்மவர் அறிய வேண்டியது. கடலுக்கு மேலாகச் செல்லும் வானலையில் ஒரு பகுதி நேராகப் போகும். இன்னொரு பகுதி நீரில் பட்டுத் தெறித்துப் போகும். இரண்டும் மறுகரையில் ஒன்றையொன்று வெட்டிக் கொண்டால் இணைப்பு மங்கிவிடும். வற்றுப் பெருக்கில் நீர்மட்டம் மாறும்போது இந்த வெட்டும் மாறும். ஆகவே ஒரு வேளை நன்றாக இருக்கும் இணைப்பு ஆறு மணி நேரத்தின் பின் தடுமாறும். வெவ்வேறு உயரங்களில் இரண்டு அன்ரனாக்களை வைத்து ஒன்று மங்கும்போது மற்றதைப் பயன்படுத்துவது அதற்கான பரிகாரங்களுள் ஒன்று. ஸ்கொத்லாந்துக் கரையில் நீர்மட்டம் நாலைந்து மீற்றர் ஏறி இறங்கும். நமது பாக்குநீரிணைப் பக்கத்தில் அது ஒரு மீற்றரைத் தாண்டாது. குறிகாட்டுவானிலிருந்து நெடுந்தீவுக்கு ஏறத்தாழப் பத்துக் கிலோமீற்றர். இடையில் மலையுமில்லை, காடுமில்லை. 2007இல் வெனிசுவேலாவில் இரண்டு மலைகளுக்கிடையே 382 கிலோமீற்றர் தூரத்துக்குச் சாதாரண வைஃபைக் கருவிகளைக் கொண்டு இணைப்பு ஏற்படுத்திக் காட்டினார்கள். பத்துக் கிலோமீற்றர் என்பது பொறியியலாளருக்கு ஒரு சவாலே அன்று.

வெள்ளைக்காரர் நாடு, அவர்களால் முடியும் என்பீர்கள். நேபாளத்தைப் பாருங்கள். மகாவீர் புன் என்ற ஆசிரியர் 2002 அளவில் நாங்கி என்ற மலைக்கிராமத்துக்கு வைஃபை கொண்டு வந்தார். மரங்களே அவருக்குக் கோபுரம்; தொலைக்காட்சித் தட்டு அன்ரனா. உள்நாட்டுப் போர் நடந்த, வானலைக் கருவிகளுக்குக் கட்டுப்பாடு இருந்த காலம் அது. போர்க்காலத்து யாழ்ப்பாணத்தை அறிந்தவர்களுக்கு அதன் ஆபத்தை விளக்க வேண்டியதில்லை. 2007இல் மகசேசே விருது. 2025இல் இடைக்கால அரசில் கல்வி அமைச்சர்.

நம் நாட்டிலேயே அநுராதபுர மாவட்டத்தில் வில்பத்துக் காட்டோரத்து மகாவிலச்சிய கிராமத்தில் நந்தசிறி வன்னிநாயக்க என்ற ஆங்கில ஆசிரியர் 1998இல் தொடங்கிய 'ஹொறைசன் லங்கா' நிலையம், 2006இல் வீடுகளை வானலை வலையால் இணைத்தது. எல்லைக் கிராமம், போர்க்காலம், வறிய உழவர் குடும்பங்கள். அங்கே முடிந்தது.

இணையம் வந்தால் தீவார் சினிமாதானே பார்ப்பார்கள் என்று ஓர் அன்பர் என்னிடம் கேட்டார். பார்க்கட்டுமே. வத்தளையில் நாம் என்ன திருக்குறளா படிக்கிறோம்? ஆனால் புதுச்சேரியை அடுத்த நல்லவாடு மீனவர் கிராமத்தை அவருக்கு நினைவூட்டினேன். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998 முதல் அப்பகுதிக் கிராமங்களில் அறிவு மையங்களை அமைத்து, கடல் நிலவரத்தை இணையத்திலிருந்து எடுத்து ஒலிபெருக்கியில் அறிவித்து வந்தது. மையத்தை நடத்தியவர்கள் ஊரார். 2004 டிசெம்பர் 26 காலை, சிங்கப்பூரில் வேலை செய்த அவ்வூர் இளைஞர் ஒருவர் ஆழிப்பேரலைச் செய்தியைக் கண்டு ஊருக்குத் தொலைபேசியில் சொன்னார். ஊரார் அதே ஒலிபெருக்கியில் அறிவித்தனர்; மக்கள் ஓடித் தப்பினர். செய்தி எங்கிருந்தும் வரலாம். அதைப் பிடித்து ஊர் முழுவதற்கும் சொல்ல ஊரின் கையில் ஒரு கருவி இருந்தது.

கூட்டாகச் சேர்ந்து செய்வது நமக்குப் புதிதா? மூளாயில் 1930களில் வைத்தியசாலையையே கூட்டுறவாக நிறுவிய சமூகம் இது. வேலணையையும் புங்குடுதீவையும் இணைக்கும் வாணர் தாம்போதி, அதற்காகப் பாடுபட்ட புங்குடுதீவுச் சகோதரர்களின் பெயரையே இன்றும் தாங்கி நிற்கிறது. கடலுக்குக் குறுக்கே வீதி கேட்டவர்களுக்கு வானலை கேட்பது பெரிய காரியமா?

தென்னிலங்கை மலைக்கிராமங்களிலும் ஒரு பாடம் உண்டு. மின்சார சபையின் கம்பி எட்டாத இடங்களில் 1990களின் பிற்பகுதி தொடங்கி, மக்கள் மின் நுகர்வோர் சங்கங்களை அமைத்து ஓடைகளிலிருந்து மின்சாரம் எடுத்தனர். இருநூற்றுக்கும் மேற்பட்ட கிராமங்கள் அவ்வாறு ஒளி பெற்றன. பின்னர் சபையின் கம்பி வந்து சேர்ந்ததும் பெரும்பாலான சங்கங்கள் கைவிடப்பட்டன. சில சங்கங்கள் மட்டும் தம் மின்சாரத்தைச் சபைக்கே விற்கத் தொடங்கின. எனவே, பெரிய நிறுவனம் ஒருநாள் ஒளியிழையோடு வந்து இறங்கினால் ஊர் வலைக்கு என்ன நேரும் என்பதை முதல் நாளே தீர்மானித்துக் கொள்ள வேண்டும். கோபுரமும் அது நிற்கும் காணியும் சங்கத்தின் பெயரில் இருந்தால், வருகிற நிறுவனம் வாடகை கொடுத்துத்தான் ஏறும்.

தடைகளை மறைக்கவும் கூடாது. உப்புக்காற்று கருவிகளை அரித்துவிடும். மாரியில் இடி விழும். பழுதானால் திருத்த ஊரில் இரண்டு பேராவது பயிற்சி பெற்று, சம்பளத்தோடு இருக்க வேண்டும். சேவை மனப்பான்மை ஓராண்டுக்கு மேல் தாக்குப் பிடிக்காது. நமது ஊர்ச் சங்கங்களின் வழக்கமும் தெரிந்ததுதான். மூன்றாவது பொதுக்கூட்டத்தில் சங்கம் இரண்டாகும், ஐந்தாவதில் நான்காகும். அதனால் புலம்பெயர்ந்தோர் பணம் தந்தாலும் வலைக்கு உரிமையாளராகத் தீவில் வாழ்வோரின் கூட்டுறவுச் சங்கமே இருக்க வேண்டும் என்பது என் உறுதியான நிலைப்பாடு. கடற்றொழிலாளர் சங்கங்கள் ஏற்கெனவே இருக்கின்றன. கணக்கு வைக்கத் தெரிந்தவர்கள் அவற்றில் உண்டு. வானலைக் கருவி ஒரு சோடி சில நூறு டொலருக்குக் கிடைக்கிறது. செலவு கோபுரத்தில்தான். கோயில் கோபுரத்துக்கு வெளிநாட்டுக் கிளைகள் போட்டி போட்டு அனுப்பும் பணத்தை நினைத்தால் இந்தக் கோபுரம் மிகச் சிறியது. பக்தர்கள் கோபித்துக் கொள்ள வேண்டாம். நானும் திருவிழாவுக்குப் போகிறவன்தான்.

மிகப் பெரிய தடை சட்டம். 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கத் தொலைத்தொடர்புச் சட்டத்தின்படி, உரிமமின்றித் தொலைத்தொடர்பு முறைமை நடத்துவது குற்றம். அந்தச் சட்டம் 2024இல் திருத்தப்பட்டது. செயற்கைக்கோள் நிறுவனத்துக்கு வழி திறந்தது. நாலாயிரம் பேருக்குச் சேவை செய்ய விரும்பும் ஒரு கூட்டுறவுச் சங்கம், இலட்சக்கணக்கான வாடிக்கையாளரைக் கொண்ட நிறுவனத்தின் படிவத்தை நிரப்பி அதன் கட்டணத்தைச் செலுத்த வேண்டும் என்பது நியாயமன்று. கென்யா 2021இல் சமூக வலைகளுக்கென்றே தனியான, மலிவான உரிமம் ஒன்றை ஏற்படுத்தியது. தீவகத்தின் வாக்குகளைப் பெற்றுப் பாராளுமன்றம் செல்பவர்கள் அதே ஏற்பாட்டை இங்கும் கோரலாம். பாலம் கேட்டு உரையாற்றுவதிலும் பார்க்க இது இலகு. இதற்குத் திறைசேரி ஒரு சதமும் ஒதுக்க வேண்டியதில்லை.

இந்திய நன்கொடைத் திட்டத்தில் மூன்று தீவுகளுக்குமாக 530 கிலோவாற் காற்றாலைகளும் 1,700 கிலோவாற் சூரியத் தகடுகளும் 2,400 கிலோவாற் மணி மின்கலங்களும் அடங்கும். காற்றாலை என்றால் உயரமான கம்பம் என்று பொருள்; மின்கலம் என்றால் இரவிலும் அணையாத கருவி என்று பொருள். அக்கம்பங்களில் ஊர்ச் சங்கத்தின் அன்ரனா ஒன்றைப் பொருத்த இடமும், சிறிதளவு மின்சாரமும் தருமாறு மின்சார சபைக்கு இப்போதே எழுத்தில் விண்ணப்பிக்கலாம். எல்லாம் கட்டி முடித்த பின்னர் கேட்டால், 'வரைபடத்தில் இல்லை' என்ற பதில்தான் வரும்.

ரொறன்ரோ, இலண்டன், பாரிஸ், சூரிச் ஊர்ச் சங்கத்து அன்பர்கள் அடுத்த பொதுக்கூட்ட நிகழ்ச்சி நிரலில் இதற்கு அரை மணி நேரம் ஒதுக்குவார்களாயின், அந்த விண்ணப்பத்தைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதிக் கொடுக்க நான் ஆயத்தமாக இருக்கிறேன்.