திருட்டுச் சினிமாவும் சுயமரியாதைக்காரரும்

சினிமாவுக்காக நாம் பரிந்து பேசப் புகுந்தால் தோழர்கள் சிலருக்குச் சிரிப்பு வரும். பெரியாரே சினிமாவை நோய்களில் ஒன்றாக எண்ணிச் சொன்னாரே, அது திருட்டுப் போனால் நமக்கென்ன என்று கேட்பார்கள். அந்நோய் ஒழிவதானால் நாமும் சந்தோஷப்படுவோம். ஆனால் இணையத் திருட்டினால் ஒழிவது எந்தச் சினிமா?

பெரிய நடிகரின் படமோ நூற்றுக்கணக்கான கொட்டகைகளில் ஒரே நாளில் வெளியாகின்றது. அதன் தொலைக்காட்சி உரிமையும், பாட்டு உரிமையும், ஓடிடி உரிமையும் பெரும்பாலும் வெளியாகும் முன்னரே விலை பேசப்பட்டு விடுகின்றன. முதல் மூன்று நாள் கூட்டமே முதலாளிக்குப் போதுமானது. திருடன் அவனைக் கீறுவானே யொழியக் கொல்ல மாட்டான்.

சிறிய படத்தின் கதி அப்படியல்ல. 2018-ல் வந்த அம்ஷன் குமாரின் "மனுசங்கடா"வை எடுத்துக் கொள்ளுவோம். செத்துப்போன தகப்பன் பிணத்தைப் பொதுப்பாதை வழியே எடுத்துச் செல்லக் கோர்ட்டுக்குப் போக வேண்டியிருந்த ஒரு தாழ்த்தப்பட்ட வாலிபனின் கதை அது. செழியனின் "டூலெட்" 2019-ல் வந்தது. வாடகை வீடு தேடுகிறவனிடம் சென்னைப் பட்டணத்தில் என்னென்ன கேட்கிறார்கள் என்பதைக் காட்டிற்று. நாம் மேடை போட்டுத் தொண்டை வற்றக் கத்துகின்ற விஷயங்கள் அல்லவா இவை? இப்படிப்பட்ட படத்திற்குக் கொட்டகைக்காரர் கொடுப்பது சில காட்சிகள்தாம், அதுவும் வேலை நாள் பகற்பொழுதில். பார்த்தவர் சொல்லிப் பார்க்காதவர் வரவேண்டும். அதற்கு ஒரு வாரமாவது ஆகும். திருட்டுப் பிரதியோ சில மணி நேரத்தில் டெலிகிராமில் வந்து விடுகின்றது. பேச்சு ஊருக்குள் பரவும்போது ஆள் கொட்டகைக்குப் போவதில்லை, செல்போனைத்தான் தடவுகின்றான். வசூல் இல்லையென்று கொட்டகைக்காரர் படத்தை எடுத்து விடுகிறார். வசூல் இல்லாத படம் என்று ஓடிடிக்காரர் விலையைக் குறைக்கிறார். கடன் வாங்கிப் படமெடுத்தவன் அடுத்த படத்தைப் பற்றி நினைப்பானா, வட்டியைப் பற்றி நினைப்பானா?

இதில் வேடிக்கை என்னவென்றால், ஆயிரம் ரூபாய் கொடுத்து முதற்காட்சிக்குச் சென்று கட்-அவுட்டுக்குப் பாலாபிஷேகம் செய்கின்ற அதே பக்தன்தான், சிறிய படத்திற்கு நூறு ரூபாய் கொடுக்க மனமில்லாமல் "லிங்க்" தேடுகிறான். சாமிக்குக் காணிக்கை, உழைத்தவனுக்கு நாமம்! (பூசை போட்டு, பூசணிக்காய் உடைத்து, நல்ல நேரத்தில் காமிராவை முடுக்கினார்களே, அந்தப் பூசணிக்காயும் திருடனைத் தடுக்கவில்லை.)

சட்டம் இல்லாமலில்லை. 2004-ல் தமிழ்நாட்டுக் குண்டர் சட்டத்தில் வீடியோ திருடரைச் சேர்த்தார்கள். 2018-ல் தமிழ்ராக்கர்ஸ் சம்பந்தமாகக் கேரளப் போலீஸ் சிலரைப் பிடித்தது. 2023-ல் மத்திய சர்க்கார் சினிமாச் சட்டத்தைத் திருத்தி, குறைந்தது மூன்று மாதச் சிறையும் மூன்று லட்ச ரூபாய் அபராதமும் விதித்தார்கள். கோர்ட்டு ஒரு தளத்தை மூடினால் ஓரெழுத்து மாற்றி மறுதளம் முளைக்கின்றது. அவனுக்குப் பணம் வருவது சூதாட்ட விளம்பரத்தில். விளம்பரத்திற்கு வேண்டியது நம் கண்கள்.

நிற்க, ஏழை என்ன செய்வான் என்று கேட்பது நியாயமே. கொட்டகையில் சோளப்பொரி விற்கின்ற விலை பகற்கொள்ளை என்பதை நாமும் ஒப்புக் கொள்ளுகிறோம். சிறிய படம் பல ஊர்களுக்கு வருவதேயில்லை என்பதும் உண்மை. அப்படியானால் படமெடுத்தவருக்கு எழுதி, அனுமதி பெற்று, தலைக்கு ஐம்பது ரூபாய் வசூலித்து ஊர் மண்டபத்தில் காட்டலாமே. கூட்டம் கூட்டத் தெரியாதவர்களா நாம்?

சென்ற மாதம் ஒரு தோழர் நம்மிடம் பெருமையாகச் சொன்னார்: ஒரு நல்ல சாதி ஒழிப்புப் படத்தைத் தாம் ஐந்நூறு பேருக்குச் செல்போனில் அனுப்பினாராம், அதுவும் பிரசாரந்தானாம். ஐந்நூறு பேரும் தலைக்கு நூறு ரூபாய் கொடுத்திருந்தால் ஐம்பதாயிரம் ரூபாய் ஆகுமே என்றோம். தோழர் பேச்சை மாற்றினார். அவர் நமது பத்திரிகையையும் பக்கத்துக் கடையில் ஓசியில்தான் படிக்கிறார்.