ஜூனி கற்சிற்பங்களில் பெண்மை

அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் ஜூனி பழங்குடியினரின் ஊர் இருக்கிறது. உள்ளங்கைக்குள் அடங்கும் சின்னச் சின்ன விலங்கு உருவங்களை நீலப்பச்சைக் கல்லிலும், சிப்பியிலும், மான்கொம்பிலும் செதுக்குவதில் பேர் போனவர்கள் இவர்கள். இந்த உருவங்களுக்கு ஆங்கிலத்தில் 'ஃபெட்டிஷ்' என்று பெயர். விற்கும் கடைகளில் அர்த்தம் சொல்லும் சீட்டும் கூடவே கிடைப்பதுண்டு. தவளை என்றால் பிள்ளைப்பேறு, ஆமை என்றால் பூமித்தாய் என்று. பெண்மை என்றாலே பிள்ளை பெறுவது தானா?

1879ல் ஜூனி மக்களிடம் போய்த் தங்கிய ஃபிராங்க் ஹாமில்டன் குஷிங்கின் ஆய்வு 1883ல் வெளிவந்தது. அதில் முக்கியமானவை வேட்டை விலங்குகள். வடக்குக்கு மலைச்சிங்கம், மேற்குக்குக் கரடி, கிழக்குக்கு ஓநாய், வானத்துக்குக் கழுகு என்று திசைக்கொரு காவல். அவற்றில் பல வேட்டைக்குத் துணையாக எடுத்துப் போன உருவங்கள். அங்கே பெண்மையைத் தேடினால் அதிகம் கிடைக்காது.

இன்றைய சிற்பிகள் விரும்பிச் செதுக்கும் மக்காச்சோளக் கன்னியிடம் தான் அது கிடைக்கும். அவளைப் பற்றிய கதை இது: சோளத்தைத் தந்த கன்னியரை மக்கள் மதிக்கவில்லை. அவர்கள் ஊரை விட்டே போய்விட்டார்கள். பஞ்சம் வந்தது. பிறகு தேடிப் போய்த் தான் அழைத்து வர வேண்டியிருந்தது. ஆக, அவள் வெறும் வளத்தின் அடையாளம் மட்டுமல்ல, மரியாதை இல்லாத இடத்தில் இருக்க மறுப்பவளும் கூட.

இது வெறும் கதையும் அல்ல. ஜூனி மரபில் குலம் தாய்வழி, வீடு பெண்களுடையது. கல்யாணம் ஆனதும் கணவன் தான் மனைவி வீட்டுக்குப் போவான். ஒத்து வராவிட்டால் மனைவி அவனுடைய சாமான்களை வாசற்படியில் எடுத்து வைத்துவிடுவாள், உறவு அதோடு முடிந்தது என்று ரூத் பெனடிக்ட் 1934ல் எழுதினார். அதற்காக ஜூனியைப் பெண்களின் சொர்க்கம் என்று சொல்லிவிட முடியாது. சடங்குப் பொறுப்புகளில் பெரும்பாலானவை ஆண்களிடமே இருந்தன.

ஆனாலும் கதையும் வாசற்படியும் சொல்வது ஒன்று தான்: அங்கே பெண்மை என்பது கொடுப்பது மட்டுமல்ல, கொடுத்ததை நிறுத்தும் உரிமையும் தான். கடைச் சீட்டு முதல் பாதியை மட்டும் அச்சடித்து விற்கிறது. தாய்மையைப் புகழ்ந்துவிட்டு உரிமையை மறந்துவிடுவது எல்லோருக்கும் வசதியான பழக்கம். அந்தப் பழியைக் கல்லின் மேல் போடுவது நியாயமில்லை.