பால்கோவாவில் தண்ணீர் ஊற்றினால் பால் ஆகுமா?

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள், பரீட்சை வைக்க மாட்டேன்.

வீட்டுக் கேசட்டுகளை எம்பி3 ஆக்கி செல்போனில் ஏற்றிவிட்டு, கேசட்டைப் பழைய பேப்பர்காரரிடம் போடுகிறீர்கள். பிறகு பழைய பிளேயர் வைத்திருக்கும் பெரியவர் யாராவது கேட்டால் அந்த எம்பி3-யையே ஆடியோ சிடியாக எழுதிக் கொடுத்து, "ஒரிஜினல் குவாலிட்டி" என்கிறீர்கள். சிடி எழுதுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. "ஒரிஜினல்" என்று சொல்வதிலும், அந்த நம்பிக்கையில் கேசட்டைத் தொலைப்பதிலும்தான் ஆட்சேபம்.

ஆடியோ சிடி என்று தேர்ந்தெடுத்ததும், எழுதுகிற மென்பொருள் எம்பி3-யை டீகோட் செய்து விரித்துவிடும். 128 கிலோபிட்டில் 5 எம்பி-கூட வராத ஐந்து நிமிடப் பாட்டு, 53 எம்பி அளவுக்கு ஊதிப்போகும். பதினோரு மடங்கு! பார்ப்பவர்களுக்குப் போனதெல்லாம் திரும்பி வந்ததுபோல் தெரியும். வரவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவைக் கரைத்து ஒரு குடம் தண்ணீர் ஊற்றினால் குடம் நிறையும். அது கறந்த பால் ஆகுமா?

ஜிப் கோப்பு அப்படியல்ல. அது பாயைச் சுருட்டி வைப்பது மாதிரி. விரித்தால் அதே பாய். ஒலிக்கு ஃபிளாக் என்று அதுபோல ஒன்று உண்டு. ஜெர்மனியில் பிராண்டன்பர்க் முதலானவர்கள் உருவாக்கி, 1995-இல் பெயர் சூட்டிய எம்பி3-யோ, காது கவனிக்காது என்று கணக்குப் போட்டதைக் கழித்தே விடுகிறது. கொட்டுமேளம் முழங்கும்போது பக்கத்தில் நிற்பவர் பேசுவது நமக்குக் கேட்காதல்லவா, அந்தக் கணக்குதான். கெட்டிக்காரத்தனமான கணக்கு, மறுக்கவில்லை. ஆனால் அழுத்தம் கூடினால் தவிலில் தெரியும். அடி விழுவதற்கு ஒரு கணம் முன்பே புகைபோல ஒரு இரைச்சல் வரும். ஜால்ராவின் கணீர், உடைந்த கண்ணாடிபோல் ஆகிவிடும்.

சினிமாப் பாட்டென்றால் போகட்டும், நல்ல பிரதி வேறெங்காவது கிடைக்கும். உங்கள் தாத்தா கல்யாண வீட்டில் டேப் ரெக்கார்டரை வைத்துப் பதிந்த நாதஸ்வரம், நடவு வயலில் ஆச்சி பாடிய பாட்டு, பள்ளி ஆண்டுவிழாவில் நீங்கள் நடுங்கிக்கொண்டே பாடியது, இதற்கெல்லாம் உலகத்திலேயே பிரதி அந்த ஒரு கேசட்தான்.

இன்னொரு வினையும் இருக்கிறது. நீங்கள் கொடுத்த சிடியை உங்கள் சித்தப்பா மகன் ஒரிஜினல் என்று நம்பி மறுபடியும் எம்பி3 ஆக்குவான். கழித்ததில் இன்னொரு கழித்தல். நாலு கை மாறினால் ஆச்சி குரல் தகர டப்பாவுக்குள்ளிருந்து வரும், எங்கே கெட்டது என்று ஒருவருக்கும் தெரியாது. அதனால் சிடியின் மேல் "எம்பி3-யிலிருந்து எடுத்தது" என்று மார்க்கர் பேனாவால் எழுதிவிடுங்கள். எங்கிருந்து எடுத்தோம் என்பதை மறைத்தால் கணக்கு நோட்டில் காப்பியடித்த மாதிரிதான்.

"சார், இந்த வித்தியாசம் உங்கள் காதுக்குக் கேட்குமா?" என்று கேட்பீர்கள். அறுபதைத் தாண்டிய காது, பல இடங்களில் கேட்காதுதான். 320 கிலோபிட் என்றால் இளம் காதுகளுக்கே கஷ்டம். ஆனால் நாளைக்கு உங்கள் பேரப்பிள்ளை அந்தப் பதிவின் இரைச்சலை நீக்கிக் குரலை மட்டும் எடுக்க நினைக்கலாம். கழிக்காத பதிவு இருந்தால்தான் அந்த வேலை ஒழுங்காக நடக்கும்.

வழி சுலபம். டேப் ரெக்கார்டரின் ஹெட்போன் துளையிலிருந்து கம்ப்யூட்டரின் லைன்-இன்னுக்கு ஒரு ஒயர். ஆடாசிட்டி இலவச மென்பொருள். 44,100 ஹெர்ட்ஸ், 16 பிட், வேவ் கோப்பு. ஒரு மணி நேரக் கேசட் சுமார் 635 எம்பி வரும். 80 நிமிட சிடியில் அப்படியே அடங்கும். தொண்ணூறு நிமிடக் கேசட் என்றால் இரண்டு சிடி. வேவை ஹார்ட் டிஸ்கிலும் வையுங்கள், எழுதும் சிடிக்கு வெயில் ஆகாது. வாட்ஸ்அப்புக்கு அதிலிருந்து எம்பி3 எடுத்துக்கொள்ளுங்கள். கேசட்டை மட்டும் போட்டுவிடாதீர்கள்.

கேசட் வைத்திருந்து பிளேயர் இல்லாதவர்கள் வத்திராயிருப்புக்குக் கொண்டுவாருங்கள், என்னிடம் ஓடுகிற டேப் ரெக்கார்டர் இருக்கிறது. பூஞ்சை பிடித்ததை நீங்களாக ஓட்டிப் பார்க்க வேண்டாம். ஆடி அமாவாசை சமயத்தில் மட்டும் வேண்டாம், சதுரகிரிக் கூட்டத்தில் பஸ்ஸில் நிற்கக்கூட இடம் கிடைக்காது.