ஏழு கையெழுத்து

எல்ல டவுனில் ஹோட்டல், கெஸ்ட் ஹவுஸ், கஃபே என்று வேலை செய்யும் நம்ம பொடியன்களிடம் சங்கம் என்று பேச்செடுத்தால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வருகிறது. “அது தோட்டத்துல இருக்கிற அம்மா அப்பாவுக்கு. எங்களுக்கு எதுக்கு அந்தக் கரைச்சல்?”

இந்தப் பதிலால் யாருக்கு லாபம்? சொல்கிறவருக்கு நிச்சயமாக இல்லை. நியமனக் கடிதம் கிடையாது. ஈ.பி.எஃப். கட்டுகிறார்களா என்று கேட்டால், “சீசன் முடியட்டும், பார்ப்போம்.” பில்லில் 10 வீதம் சர்விஸ் சார்ஜ் ஏறுகிறது, அதில் எவ்வளவு கிச்சனுக்கு வந்து சேர்கிறது என்று கேட்க ஆள் இல்லை. காலையில் ஆறு மணிக்கு ரொட்டி சுட்டவர்தான் ராத்திரி பதினொரு மணிக்கு மேசை துடைக்கிறார். லயத்தை விட்டுத் தப்பித்தோம் என்று வந்த இடத்தில், தோட்டத்தில் பேருக்காவது இருந்த பாதுகாப்பும் இல்லை.

பொடியன்களை மட்டும் குறை சொல்லி என்ன செய்ய? தோட்டத்தில் சங்கம் அவர்களுக்கு எப்படி அறிமுகமானது என்று யோசித்துப் பாருங்கள். அப்பா எந்தச் சங்கமோ மகனும் அதே சங்கம். சாமி கும்பிடுவதைப் போல அதுவும் பரம்பரையாக வருகிறது. மாதாமாதம் சம்பளத் துண்டில் சந்தா வெட்டுப்படும். மே தினத்துக்கு பஸ் வரும், கொடி வரும், தொப்பி வரும். தேர்தல் வந்தால் தலைவர் வருவார். சங்கத்துக்கு ஒரு யாப்பு இருக்கிறது, கணக்குப் புத்தகம் இருக்கிறது, அதைப் பார்க்க உறுப்பினருக்கு உரிமை இருக்கிறது என்று கொழுந்து எடுக்கிற அம்மாவிடம் யாராவது சொன்னார்களா? இந்தப் பிள்ளைகளுக்குச் சங்கத்தின் மேல் வெறுப்பு என்று நாங்கள் நினைக்கவில்லை. சங்கம் என்ற பெயரில் அவர்களுக்குக் காட்டப்பட்டதன் மேல்தான் வெறுப்பு.

எப்போதும் இப்படி இருந்ததில்லை, அதுவும் ஊவாவில். 1940 ஜனவரியில் ஹேவாஹெட்ட பக்கம் மூல்ஓயா தோட்டத்து வேலைநிறுத்தத்தில் கோவிந்தன் என்ற தொழிலாளி பொலிஸ் சூட்டில் செத்தார். அதற்குப் பிறகு போராட்டம் ஊவாவுக்குப் பரவியது. பதுளைக்குப் பக்கத்தில் வெவெஸ்ஸ தோட்டத்து ஆட்கள் தங்களுக்குள்ளேயே ஒரு சபையைத் தெரிவு செய்தார்கள். அந்தச் சபையைக் கேட்டுத்தான் நடப்பேன் என்று துரை ஒத்துக்கொள்ள வேண்டி வந்தது. ஒழுங்கை நிலைநாட்ட என்று ஆயுதத்தோடு வந்த பொலிஸ்காரர்களின் ஆயுதத்தைத் தொழிலாளர்களே பறித்துவிட்டார்கள். பிறகு நடந்ததையும் சொல்லத்தான் வேண்டும்: பொலிஸ் அடக்குமுறையும், ஊவாவை ஒரு வாரத்துக்கு மேல் வெளியுலகத்திலிருந்து துண்டித்த வெள்ளமும் சேர்ந்து அந்த அலையை முறித்துப்போட்டன. ஆனாலும் டூரிஸ்ட்டுகள் இன்றைக்கு ரயில் கதவில் தொங்கிப் படமெடுக்கும் அதே பாதையின் பக்கத்தில், கங்காணியும் துரையும் தெய்வமாக இருந்த காலத்தில், நம்ம பூட்டன் பூட்டிகள் தாங்களே தெரிவு செய்த சபையை வைத்திருந்தார்கள். அவர்களுக்கு யாரும் தொப்பி கொடுக்கவில்லை.

அப்புறம் எப்படி இப்படி ஆனது? 1948இல் பிரஜாவுரிமையும் அடுத்த வருஷம் வாக்கும் போனது. நாட்டில் ஒரு பதிவுமே இல்லாத சனத்துக்கு மிஞ்சியது சங்கத்துத் துண்டு மட்டும்தான். அதனால் சங்கமே கட்சியாக, தலைவரே எல்லாமாக ஆனார். அதில் நியாயம் இருந்தது, மறுக்கவில்லை. 1972, 1975 காணிச் சீர்திருத்தங்களோடு தோட்டங்கள் அரசுக்குப் போயின. 1978இல் சௌமியமூர்த்தி தொண்டமான் மந்திரிசபைக்குள் போனார். தோட்டத்துக்குச் சொந்தக்காரனான அரசாங்கத்தில் தொழிலாளியின் தலைவர் மந்திரி! 1984 வேலைநிறுத்தத்தில் பெண்களுக்குச் சம சம்பளம் வாங்கியது பெரிய வெற்றி, அதைக் குறைத்துப் பேச மாட்டோம். ஆனால் மேசையின் இரண்டு பக்கமும் ஒரே ஆள் உட்காரும் பழக்கம் அங்கேதான் தொடங்கியது. அது இன்னும் போகவில்லை.

அதன் விலையை நம்ம தலைமுறையே கண்ணால் பார்த்தது. 2018 அக்டோபர் 24. ஆயிரம் ரூபாய் கேட்டு ஆயிரக்கணக்கான மலையக இளைஞர்கள் கறுப்பு உடுப்போடு காலி முகத்திடலில் நின்றார்கள். சங்கம் பஸ் போட்டுக் கூட்டிப் போகவில்லை, பேஸ்புக்கில் கூடிய கூட்டம். பெருமையான நாள். மூன்று மாதம் கழித்து, 2019 ஜனவரியில், கூட்டு ஒப்பந்தம் கையெழுத்தானது. அடிப்படைச் சம்பளம் 500இலிருந்து 700 ஆனது என்று பட்டாசு வெடித்தார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள்: பழைய ஒப்பந்தத்தில் அடிப்படை 500, வரவுக் கொடுப்பனவு 60, உற்பத்திக் கொடுப்பனவு 140, விலைப் பங்கு 30. மொத்தம் 730. புதியதில் அடிப்படை 700, விலைப் பங்கு 50. மொத்தம் 750. வரவும் உற்பத்தியும் காணாமல் போய்விட்டன. முழுப் பேர் எடுத்தவருக்கு ஏறியது 20 ரூபாய். பட்டாசுக்கே அதற்கு மேல் செலவாகியிருக்கும்.

காலி முகத்திடலில் நின்ற யாரும் அந்த மேசையில் இல்லை.  கம்பனிகள் கூட்டத்தோடு ஒப்பந்தம் போடவில்லை, சங்கங்களோடுதான் போட்டன. ஆயிரம் ரூபாய் கடைசியில் 2021இல் சம்பளச் சபை வழியாக வர்த்தமானியில் வந்தது. உடனே கம்பனிகள் கூட்டு ஒப்பந்தத்திலிருந்து விலகிக்கொண்டன. சம்பளத்தை வர்த்தமானி சொன்னது. ஒரு நாளைக்கு எத்தனை கிலோ, எப்போது அரைப் பேர் என்பதைத் தோட்ட நிர்வாகம் சொன்னது. 2024இல் 1350 ஆன பிறகும் மலையில் இதே பேச்சுத்தான். அடுத்த தடவை ஸ்டேட்டஸ் போடுவதற்கு முன் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

இனி சட்டம். 1935ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கத் தொழிற்சங்கக் கட்டளைச் சட்டப்படி, சங்கம் ஒன்றைப் பதிவுசெய்ய ஏழு உறுப்பினர்களின் கையெழுத்து போதும். ஏழாயிரம் இல்லை, ஏழு. தலைவராக எம்.பி. வேண்டாம், கொழும்பில் கட்டடம் வேண்டாம். ஏழு பேர், ஒரு யாப்பு, ஒரு விண்ணப்பம். ஆரம்பித்து மூன்று மாதத்துக்குள் பதிவுக்குக் கொடுக்க வேண்டும். சங்கம் அமைப்பதும் சேருவதும் அரசியலமைப்பின் 14ஆம் உறுப்புரையிலேயே அடிப்படை உரிமையாக இருக்கிறது. 1999ஆம் ஆண்டின் 56ஆம் இலக்கத் திருத்தம் கைத்தொழில் பிணக்குகள் சட்டத்துக்குள் 32அ என்ற பிரிவைக் கொண்டுவந்தது. சங்கத்தில் சேராதே என்று சொல்வது, சேர்ந்ததற்காக வேலையை விட்டு நிற்பாட்டுவது, “சங்கத்தை விடு, உன்னை சூப்பர்வைசர் ஆக்குறேன்” என்று ஆசை காட்டுவது, சங்க வேலைக்குள் தலையிடுவது எல்லாமே அதன்படி குற்றம். தொழிலாளர்களில் 40 வீதத்துக்குக் குறையாமல் உறுப்பினர்கள் இருந்தால் அந்தச் சங்கத்தோடு பேச மாட்டேன் என்று முதலாளி சொல்வதும் குற்றம்.

இந்த இரண்டு எண்ணையும் எல்லயில் வைத்துப் பார்க்கச் சொல்கிறோம். எல்லயில் பெரிய ஹோட்டல்கள் கொஞ்சம், சின்ன இடங்கள்தான் அதிகம். 15 பேர் வேலை செய்யும் ஒரு கெஸ்ட் ஹவுஸில் ஏழு பேர் சேர்ந்தால் அது 46 வீதத்துக்கு மேல். 17 பேர் இருந்தாலும் ஏழு என்பது 41 வீதம். அதாவது பதிவுக்குத் தேவையான அதே ஏழு பேர், பேச்சுவார்த்தைக்குத் தேவையான 40 வீதத்தையும் தாண்டிவிடுகிறார்கள். தோட்டத்துச் சங்கங்களுக்கே கிடைக்காத வசதி இது! ஐந்து பேர் மட்டும் வேலை செய்யும் கஃபேயா? பக்கத்துக் கஃபே, எதிர்த்த கெஸ்ட் ஹவுஸ் எல்லாரும் ஒரே சங்கமாகச் சேரலாம். ஒரே முதலாளியிடம் வேலை செய்தால்தான் சங்கம் என்று சட்டத்தில் இல்லை.

தோட்டத்தில் இந்த 40 வேறு மாதிரி வேலை செய்கிறது. 300 பேர் இருக்கும் தோட்டத்தில் 120 பேர் வேண்டும். நாலு சங்கம் ஆளுக்கு எழுபது எழுபத்தைந்து என்று பிரித்து வைத்திருந்தால் யாருக்கும் 40 இல்லை, துரை யாரோடும் பேசக் கடமைப்பட்டவர் இல்லை. சங்கத்துக்குச் சங்கம் ஆள் பிடிக்கிற போட்டியில் ஜெயிப்பது யார் என்று இதற்கு மேல் விளக்க வேண்டுமா? இதில் சந்தா கொடுக்கும் பிள்ளைகள் ஒரு காரியம் செய்யலாம். சங்கத்தின் கணக்கையும் உறுப்பினர் பட்டியலையும் பார்க்கும் உரிமை 1935 சட்டத்திலேயே உறுப்பினருக்கு இருக்கிறது. அடுத்த முறை தோட்டத் தலைவர் வந்தால் மரியாதையாகக் கேளுங்கள்: “தலைவரே, கணக்கப் பாக்கணும்.” திட்டினால் திட்டட்டும்.

இதையெல்லாம் வாசித்துவிட்டு, சட்டம் இருக்கிறதே, எல்லாம் சரியாகிவிடும் என்று நினைக்க வேண்டாம். 32அ-ஐ மீறிய முதலாளிக்கு அதிகபட்ச அபராதம் ஒரு லட்சம் ரூபாய். எல்லயில் நல்ல அறை ஒன்றுக்குச் சில ராத்திரி வாடகை. அந்த வழக்கையும் தொழிலாளியோ சங்கமோ நேராக நீதிமன்றத்தில் போட முடியாது, தொழில் திணைக்களம்தான் போட வேண்டும். திணைக்களம் போடாவிட்டால் உரிமை காகிதத்தில் கிடக்கும். இலங்கை சர்வதேச தொழில் அமைப்பின் 98ஆம் சமவாயத்தை 1972இலும் 87ஆம் சமவாயத்தை 1995இலும் ஏற்றுக் கையெழுத்துப் போட்ட நாடு. கையெழுத்துப் போடுவதில் நம்ம அரசாங்கங்கள் எப்போதும் கெட்டிதான். வழக்குப் போடும் உரிமையைச் சங்கங்களுக்கே கொடு, அபராதத்தை வலிக்கிற மாதிரி வை என்று கேட்க வேண்டியது மலையக எம்.பி.க்களின் வேலை. சங்கத்திலிருந்து பாராளுமன்றம் போனவர்கள் இத்தனை பேர் இருந்தும் இது இன்னும் மாறாமல் இருப்பதை எங்களால் ஜீரணிக்க முடியவில்லை.

“எங்க முதலாளி நல்லவரு, குடும்பம் மாதிரி” என்பார்கள். இருக்கலாம். நல்லவரோடு எழுத்தில் பேசிக்கொள்வதில் என்ன கஷ்டம்? நியமனக் கடிதம் கேட்டால் முகம் மாறுகிறவர் எந்தக் குடும்பத்தில் சேர்த்தி? “வேலை போயிருமே” என்ற பயம்தான் உண்மையான பயம். அதை நாங்கள் லேசாகப் பேச மாட்டோம். எல்லயில் ஒருவர் போனால் அடுத்த நாளே இன்னொருவர் கிடைப்பார். அதனால்தான் ஏழு பேர் ஒன்றாகக் கையெழுத்துப் போட வேண்டும், ஒருவர் மட்டும் முன்னால் போய் நிற்கக்கூடாது. சீசன் நடுவில் ஏழு பேரை ஒரே நாளில் மாற்ற எந்தக் கெஸ்ட் ஹவுஸாலும் லேசில் முடியாது. வேலையை விட்டு நிற்பாட்டினால் தொழில் நியாய சபைக்குப் போகலாம், சங்கமே உங்கள் சார்பில் விண்ணப்பிக்கலாம்.

மூணாறில் 2015இல் கொழுந்து எடுக்கும் தமிழ்ப் பெண்கள் செய்தது ஞாபகம் இருக்கிறதா? போனஸை 20 வீதத்திலிருந்து 10 வீதமாகக் குறைத்த கம்பனியையும், அதைத் தடுக்காத பெரிய பெரிய சங்கத் தலைவர்களையும் ஒரே நேரத்தில் எதிர்த்தார்கள். கட்சிக்காரர்களைப் பக்கத்தில் விடாமல் ரோட்டில் உட்கார்ந்து 20 வீதத்தை வாங்கினார்கள். பெண்கள் ஒற்றுமை என்ற அர்த்தத்தில் ‘பெம்பிளை ஒருமை’ என்று தங்களுக்குத் தாங்களே பேர் வைத்தார்கள். அதற்குள்ளும் பின்னால் பிளவு வந்தது. வராத சங்கம் எது? நம்ம பக்கம் சந்தா கட்டுகிறவர்களில் பாதிக்கு மேல் பெண்கள், மேடையில் மாலை வாங்குகிறவர்களில் பெண்கள் எத்தனை பேர் என்று இந்த வருஷ மே தினப் படங்களை எடுத்து எண்ணிப் பாருங்கள். எல்லயில் தொடங்கப்போகும் சங்கத்தில் அந்த ஏழில் மூன்று நான்காவது அறை துப்புரவு செய்யும், கிச்சனில் நிற்கும் அக்காமார்களின் கையெழுத்தாக இருக்க வேண்டும்.

இப்போதே செய்ய வேண்டியவை சில. வேலைக்கு வந்த நாள், நேரம், வாங்கிய சம்பளம் எல்லாவற்றையும் ஒரு கொப்பியில் எழுதுங்கள். சம்பளம் பேங்கில் வந்தால் அந்த மெசேஜை அழிக்காதீர்கள். ஈ.பி.எஃப். உங்கள் பெயரில் போகிறதா என்று விசாரியுங்கள். உங்களிடம் 8 வீதம், முதலாளியிடம் 12 வீதம், அதோடு ஈ.டி.எஃப். 3 வீதம். முறைப்பாட்டைத் தமிழில் எழுதலாம், தமிழும் அரச கரும மொழிதான். பதுளை தொழில் அலுவலகத்துக்குப் போகும்போது தனியாகப் போகாதீர்கள், இரண்டு பேராவது போங்கள். கொடுத்த கடிதத்தின் பிரதியில் சீல் வாங்காமல் திரும்பி வராதீர்கள்.