யானை மட்டும் மிஞ்சினால் டிராவா?

எங்கள் பூங்கா பெஞ்சில் வெகுநாளாக ஒரு வழக்கம். ராணிகள் வெட்டுப்பட்டு, குதிரையும் பிஷப்பும் போய், ஆளுக்கொரு யானையும் நாலைந்து சிப்பாய்களும் மிஞ்சியதும் ஒருவர் கையை நீட்டுவார்: "டிராதானே சார்?" மற்றவரும் கை கொடுப்பார். அப்புறம் காபி. நானும் இருபது வருஷமாக அப்படிக் கை கொடுத்தவன்தான். டிராவுக்குப் பிரெஞ்சில் 'நுல்' என்பார்கள். ஒன்றுமில்லாதது என்று அர்த்தம். அந்த மொழியில் படித்த எனக்கு அது வசதியாகவே இருந்தது. (பிஷப்புக்கு அதில் 'ஃபூ', பைத்தியக்காரன் என்று பெயர். பள்ளியில் அதைச் சொல்லியே சிரித்துச் சிரித்து உதை வாங்கியிருக்கிறோம்.)

போன வருஷம் ஓய்வு பெற்ற தமிழ் வாத்தியார் ஒருவர் எங்களோடு சேர்ந்தார். அவர் கை கொடுப்பதில்லை. "என்ன சார் அவசரம், ஆடிப் பார்ப்போமே" என்பார். ஆடிப் பார்த்ததில் நான் தோற்றதுதான் அதிகம். மற்றவர்களுக்கும் அதே கதி. இப்போது, பொங்கலுக்கு நாங்கள் வைக்கும் போட்டியில் யானைகள் மட்டும் மிஞ்சினால் டிரா என்று விதி போட்டுவிடலாம் என்கிறார்கள். நான் அதற்கு ஒப்பவில்லை.

யானை முடிவாட்டமெல்லாம் டிராதான் என்பது சதுரங்கக்காரர்கள் பாதி வேடிக்கையாகச் சொல்லும் பழைய வாசகம். அதை நம்பினால் என்ன ஆகும் என்பதைச் சென்னையிலேயே பார்த்தோம். 2013 நவம்பரில் ஆனந்துக்கும் கார்ல்சனுக்கும் நடந்த உலகப் போட்டியில் முதல் நாலு ஆட்டமும் டிரா. ஐந்தாவதும் ஆறாவதும் யானை முடிவாட்டங்கள். இரண்டிலும் கார்ல்சன் ஜெயித்தார். போட்டியின் போக்கு அங்கேயே தீர்ந்துவிட்டது.

ஆறாவது ஆட்டத்தைப் பலகையில் வைத்துப் பாருங்கள். ஆனந்துக்கு வெள்ளை. 38-ஆவது நகர்த்தலில் ராணியை ஜி3-க்குக் கொண்டுபோய் ஒரு சிப்பாயை விட்டுக்கொடுத்தார். ராணிகள் மாறிப்போயின. கருப்புக்கு ஐந்து சிப்பாய், வெள்ளைக்கு நாலு. ஒரு சிப்பாய் குறைந்தாலும் யானை முடிவாட்டத்தில் காப்பாற்றிவிடலாம் என்பது பொதுக் கணக்கு. அது தப்பும் இல்லை.

ஆனால் கார்ல்சன் கையிலிருந்த சிப்பாயைப் பூட்டிவைத்துக் காக்கவில்லை. ராஜாவை நடக்க விட்டார். பி சிப்பாய் போனது, சி சிப்பாய் போனது, அவர் கவலைப்படவில்லை. 59-ஆவது நகர்த்தலில் எண்ணினால் ஆளுக்கு மூன்று, சரிசமம்! ஆனால் கருப்பு ராஜா இ3-இல், வெள்ளை முகாமுக்குள் நிற்கிறது. வெள்ளை ராஜாவோ எச்2-இல், ஓரத்தில். எஃப் சிப்பாய்க்கு எதிரே நின்று மறிக்க யாருமில்லை.

அப்போதும் பி சிப்பாயை உடனே தள்ளியிருந்தால் டிரா என்று பின்னால் அலசியவர்கள் காட்டினார்கள். ஆனந்த் யானையை ஏ4-க்கு நகர்த்தினார். கார்ல்சன் இன்னொரு சிப்பாயையும் எச்3-இல் தூக்கிக் கொடுத்தார். இப்போது கருப்புக்கு இரண்டு, வெள்ளைக்கு மூன்று. யானை ஜி6-க்குப் போய் நின்றதும் வெள்ளை ராஜாவுக்கு ஜி வரிசையைத் தாண்ட வழியில்லை. எஃப் சிப்பாய் ஓடியது. 67-ஆவது நகர்த்தலோடு ஆட்டம் முடிந்தது. ஒரு சிப்பாய் அதிகமாக ஆரம்பித்தவர் ஒரு சிப்பாய் குறைவாக இருக்கும்போது ஜெயித்தார்.

கார்ல்சனுக்கு முன்னால் கபாபிளாங்கா இருக்கிறார். 1924-இல் நியூயார்க்கில் தார்தகோவருக்கு எதிராக இதே மாதிரி சிப்பாய்களை விட்டுவிட்டு, ராஜாவை எஃப்6 வரை நடத்திக்கொண்டு போனார். எண்ணிக்கையில் பின்தங்கியவர்தான் அன்றும் வென்றார்.

அந்த 60-ஆவது நகர்த்தலை வயசு, களைப்பு என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். எனக்கு அது கடைசிச் சீட்டாகத்தான் படுகிறது. கணக்கு அதற்கு முன்பே ஏறிவிட்டது. இருபது நகர்த்தலாக ஒருவர் சரியாக ஒன்றை மட்டுமே தேடித்தேடி ஆட வேண்டியிருந்தது. மற்றவருக்குச் சரியான வழிகள் நாலைந்து இருந்தன, எதை ஆடினாலும் நஷ்டமில்லை. புத்தகத்தில் இந்த நிலைக்கு டிரா என்றுதான் எழுதியிருக்கும். அந்த டிராவை ஆடித்தானே எடுக்க வேண்டும்?

பதினெட்டாம் நூற்றாண்டில் பிரெஞ்சுக்காரர் ஃபிலிதோர் யானையை வைத்துக் காப்பாற்ற ஒரு முறை காட்டினார். எதிரி ராஜா நுழையாதபடி யானையைக் குறுக்கு வரிசையில் நிறுத்து; அவன் சிப்பாயை அந்த வரிசைக்குத் தள்ளியதும் யானையைக் கடைக்கோடிக்கு ஓட்டிப் பின்னாலிருந்து செக் கொடு. அருமையான வழி. ஆனால் நம் ராஜா சிப்பாய்க்கு எதிரில் இருந்தால்தான் பலிக்கும். நான் வாத்தியாரிடம் தோற்ற ஆட்டங்களில் என் ராஜா எங்கே இருந்தது என்று இப்போது யோசித்தால் வெட்கமாக இருக்கிறது. முக்காலும் மூலையில், கோட்டை கட்டிய இடத்திலேயே. ராணிகள் போன பிறகும் எதற்குப் பயந்து அங்கேயே உட்கார்ந்திருந்ததோ!

வாத்தியார் நம்மைவிடக் கெட்டிக்காரர் என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். நமக்குக் காபி நினைப்பு வரும்போது அவர் ராஜாவை ஒரு கட்டம் முன்னால் வைக்கிறார், அவ்வளவுதான். அதைத் தடுக்க விதி எதற்கு?

ஞாயிற்றுக்கிழமை இதைப் பேசக் கூடுகிறோம். பலகையோடு போகப்போகிறேன். ஆறாவது ஆட்டத்தை 59-ஆவது நகர்த்தல் வரை அடுக்கி வைத்து, ஆளுக்கு மூன்று சிப்பாய், டிராவா இல்லையா என்று ஒவ்வொருவரையும் கேட்பேன். டிரா என்று சொல்கிறவர் வெள்ளைக் காய்களை எடுத்துக்கொண்டு வாத்தியாரோடு ஆடட்டும்.