கோட்டை கட்டிய சூரியன்

2021-ஆம் வருஷம் மே மாதம் 24-ந் தேதி. நோய்க்கு அஞ்சி ஜனங்கள் வீட்டோடு அடைந்து கிடந்த காலம். அன்று முற்பகலில் பெங்களூர்வாசிகள் பலர் மாடிக்கும் வாசலுக்கும் வந்து அண்ணாந்து பார்த்தார்கள். உச்சியை நெருங்கிக்கொண்டிருந்த சூரியனைச் சுற்றி, காம்பஸ் வைத்து இழுத்தாற்போல் ஒரு பெரிய வர்ண வட்டம்! அதன் படங்கள் கைபேசிக்குக் கைபேசி பறந்தன.

வடமொழியில் பரிவேஷம் என்பது இதுவே. நம் பாட்டிமார் 'கோட்டை கட்டியிருக்கிறது' என்பார்கள். 'அகல் வட்டம் பகல் மழை' என்று ஒரு பழமொழியும் உண்டு. மழை வருமா என்பது ஒருபுறம் இருக்கட்டும். 'அகல் வட்டம்' என்று பிரித்துச் சொன்ன நுட்பத்தைக் கவனியுங்கள். சந்திரனை ஒட்டினாற்போல் தோன்றும் சிறு வளையம் பெரும்பாலும் நீர்த்துளிகளால் உண்டாவது. தள்ளி நிற்கும் அகன்ற வட்டமோ, வெகு உயரத்தில் மெல்லிய மேகத்தில் மிதக்கும் அறுகோணப் பனிக்கட்டிகளின் வேலை. அவற்றின் ஒரு பக்கத்தில் புகுந்து வேறொரு பக்கத்தால் வெளியேறும் கிரணம் ஏறக்குறைய 22 டிகிரிக்குக் குறையாமல் வளைகிறது. ஆகையால் வட்டத்தின் உட்புறம் சற்று இருண்டு காணும். சிவப்பு மற்ற வர்ணங்களைவிடக் குறைவாக வளைவதால் உள்விளிம்பு சிவந்திருக்கும். கையை நீட்டி விரல்களை விரித்தால், கட்டைவிரல் நுனிக்கும் சுண்டுவிரல் நுனிக்கும் உள்ள இடைவெளி கிட்டத்தட்ட அந்த 22 டிகிரிதான்.

நிற்க. இதைப் படம் பிடிப்பது எப்படி? வட்டத்தின் முழு அகலம் 44 டிகிரி. பழைய பிலிம் காமிராவின் 50 மில்லிமீட்டர் லென்ஸ் அகலவாட்டில் சுமார் 40 டிகிரிதான் காணும்; கோட்டை அதற்குள் அடங்காது. 24 மில்லிமீட்டர் லென்ஸ் வேண்டும். இக்காலக் கைபேசிகள் பலவற்றின் லென்ஸ் ஏறக்குறைய அவ்வளவு அகலம் காண்பது நம் அதிர்ஷ்டம். முதலில் சூரியனை மறையுங்கள்: விளக்குக் கம்பம், தென்னையின் கொண்டை, ஒன்றும் அகப்படாவிட்டால் நீட்டிய கை. பிறகு வெளிச்சத்தை ஓரிரு படி குறைத்து எடுத்தால் மேகம் வெளுத்துப்போகாது. காமிராவின் பார்வைத் துவாரத்தின் வழியாக மறைக்காத சூரியனைப் பார்ப்பது கண்ணையே பறித்துவிடும். பிள்ளைகள் கையில் காமிராவைக் கொடுக்கும் பெற்றோர் இதை முதலில் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

இவ்வளவு பிரயாசை எதற்கு என்று கேட்கலாம். 1895-ல் கெர்ன் என்ற டச்சுக்காரர், உச்சி வானத்தில் தோன்றும் வர்ண வில் ஒன்று, சூரியனுக்கு எதிர்ப்புறத்திலும் நீண்டு முழு வட்டமாகியதாகத் தெரிவித்தார். அவர் கண்டது மெய்தானா, கண் ஏமாந்ததா? ஐயத்தைத் தீர்க்கப் போட்டோ இல்லை. 2007-ல் பின்லாந்தில் அந்த வில் படத்தில் விழுந்தபோது 112 வருஷம் கழிந்திருந்தது! அதனால்தான், எடுத்த தேதி, மணி, ஊர் மூன்றையும் குறித்து வையுங்கள் என்கிறேன். வர்ணத்தை ஏற்றி ஏற்றி வட்டத்தைக் கல்யாண வீட்டுக் கோலமாக்கி அனுப்பும் அன்பர்களும் இருக்கிறார்கள். மங்கலாயினும் உள்ளபடி உள்ள படம் அதைவிட எத்தனையோ மேல்.

வெயிலுக்கு அஞ்சுகிறவர்கள் சந்திரனுக்குக் காத்திருக்கலாம். பௌர்ணமிக்கு இரண்டொரு நாள் முன்பின்னாக, மெல்லிய மேகம் திரையிட்ட இரவே தகுந்தது. காமிராவை முக்காலியிலோ மாடிக் கைப்பிடிச் சுவரிலோ அசையாமல் வைத்துச் சில விநாடி வெளிச்சம் கொடுங்கள். நம் கண்ணுக்கு வெறும் வெள்ளையாகத் தெரிந்த வட்டத்தில், படத்தில் மெல்லிய சிவப்பு எட்டிப் பார்க்கும். சந்திரன் மட்டும் கொழுக்கட்டை மாதிரி வெளுத்து விழும். அதிலுள்ள முயலைத் தேடுகிறவர்கள் வேறொரு நாள், வேறொரு லென்ஸுடன் மாடி ஏறட்டும்.